ஈஸ்வரிக்கு நாற்பது, நம் வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை?

கனவான்கள் சிலர் இருக்கிறார்கள். கையில் கனத்த புத்தகம், முகத்தில் அதைவிடக் கனத்த கவலை. "நாடு கெட்டுவிட்டது ஐயா! பெண்கள் எல்லாம் சீரியல் பார்த்துக் கெட்டுவிட்டார்கள். யார் யாரைக் காதலித்தான், யார் புருஷன் யாரோடு போனான் என்று இருபத்து நாலு மணி நேரமும் இதே பேச்சு!" என்பது இவர்களுடைய ஓயாத ஒப்பாரி. கிரிக்கெட் நடக்கும் நாளில் வேலைக்கு மட்டம் போடுகிறவன் இவர்கள் கண்ணில் ரசிகன். நடிகனின் கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவனும் ரசிகன். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கையை ஓட்டிக்கொண்டே கதை கேட்கிற பெண் மட்டும் 'சீரியல் பைத்தியம்'!

கனவான்கள் இப்படிப் பேசுவதில் நமக்கு ஆச்சரியமில்லை. நம்முடைய ஆட்களும் பேசுகிறார்களே, அதுதான் வருத்தம். போன மாதம் ஒரு கிளைக் கூட்டத்தில், படித்த இளம் தோழர் ஒருவர், பெண் உறுப்பினர்கள் ஒன்பதரை மணிக்கு எழுந்து போவதைக் கண்டித்து உரத்துப் பேசினார். "மதத்தின் இடத்தைச் சீரியல் பிடித்துவிட்டது. இது அபினி!" என்று முடித்தார். சிலர் கைதட்டவும் செய்தார்கள். மார்க்ஸ் அந்த அபினி என்ற சொல்லுக்குச் சற்று முன்னால் என்ன எழுதியிருக்கிறார் என்பதை அந்தத் தோழர் ஒருமுறை எடுத்துப் படிக்கட்டும். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவது மார்க்சியம் ஆகாது.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? இருபது வருஷத்துக்கு முன்னால் நாமே ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினோம். "கண்ணீர்த் தொடர்களைப் புறக்கணிப்பீர்!" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதை வாங்கிய பெண்கள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய் 'கோலங்கள்' பார்த்தார்கள். பிரசுரம் அடுப்புப் பற்றவைக்க உதவியிருக்கும்.

எழுந்து போனவர்களில் ஒருவர் நமக்கு வெகுநாளாகத் தெரிந்தவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வருஷமாகப் பீடி சுற்றுகிறார், சங்கத்தில் பழைய உறுப்பினர். பெயர் வேண்டாம், அக்கா என்றே சொல்வோம். 'பீடி சுற்றத் தெரியுமா, கார்டு உண்டா?' என்று கேட்டுவிட்டுப் பெண் எடுத்த காலத்தில் கல்யாணமாகி வந்தவர். கம்பெனி கொடுக்கிற இலையில் ஆயிரம் பீடி தேறாது. குறைந்த இலையைச் சொந்தக் காசில் வாங்கித்தான் கணக்கை முடிக்க வேண்டும். கடையில் பீடியைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று ஒரு பகுதியைக் கழித்துப் போடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த கலர் டி.வி.தான் அவர் வீட்டுக்கு வந்த முதல் டி.வி. அதற்கு முன்னால் பக்கத்து வீட்டு ஜன்னல்.

இவர் சீரியல் 'பார்க்கிறார்' என்பதே தவறு. கண் இலையிலும் தூளிலும் இருக்கும். காதுதான் கதையில். சண்டை உச்சத்துக்கு வந்தால் மட்டும் தலை நிமிரும். நிமிர்ந்தால் ஒரு பீடி குறையும்!

சோப்பு விற்கப் பிறந்த கதை

இந்த நாடகங்களில் காதல் ஏன் இப்படிச் சிக்கலாகிக்கொண்டே போகிறது? ஒருத்தி ஒருவனை விரும்புகிறாள். அவன் இன்னொருத்தியை மணக்க நேருகிறது. அந்த இன்னொருத்தியோ வேறொருவனை மனதில் வைத்திருக்கிறாள். அவனுக்கு ஒரு பழைய கதை. மனித சுபாவமே சிக்கலானது, அதைத்தான் எடுத்துக் காட்டுகிறோம் என்று முதலாளிமார் சார்பில் விளக்கம் சொல்லுவார்கள். பம்மாத்து!

பிறந்த கதையைப் பார்ப்போம். 1930-களில் அமெரிக்க வானொலியில் பகல் நேரத்தில், வீட்டில் இருக்கும் பெண்களுக்காகத் தொடர் நாடகங்கள் வந்தன. பணம் போட்டவர்கள் யார்? சோப்புக் கம்பெனிகள். பிராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற பெருங்கம்பெனிகள் தாங்களே நாடகம் தயாரித்தன. ஆகவேதான் அதற்குச் 'சோப்பு நாடகம்' என்று பெயர். அவற்றில் ஒன்றான 'கைடிங் லைட்' 1937-ல் வானொலியில் தொடங்கியது. 1952-ல் டி.வி.க்குப் போய், 2009-ல்தான் ஓய்ந்தது. எழுபத்திரண்டு வருஷம்! எந்தக் காதலுக்காவது எழுபத்திரண்டு வருஷம் சிக்கல் உண்டா?

காதல் கைகூடிவிட்டால் கதை முடியும். கதை முடிந்தால் கண்கள் கலையும். கண்கள் கலைந்தால் விளம்பரக்காரன் போய்விடுவான். ஆகவே கைகூடக் கூடாது. முறிந்துவிடவும் கூடாது, முறிந்தாலும் கதை முடிந்துவிடும் அல்லவா? கைகூடாமலும் முறியாமலும் வருஷக்கணக்கில் தொங்க வேண்டும். ஆக இந்தச் சிக்கலைப் போட்டது மனித சுபாவமல்ல, விளம்பரக் கணக்கு. சன் டி.வி.யில் 2003 நவம்பரில் தொடங்கிய 'கோலங்கள்' 2009 டிசம்பரில் முடிந்தபோது 1533 பாகங்கள் ஆகியிருந்தன. பாகத்துக்கு இருபது நிமிஷம் கதை என்று வைத்தாலும் ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல். இத்தனை மணி நேரமும் தமிழ்நாட்டுப் பெண்கள் ஒரு கேள்வியைச் சுமந்தார்கள்: கணவன் பாஸ்கரின் பேராசையிலும் துரோகத்திலும் வாழ்க்கை உடைந்த அபிக்கும், கூடவே நிற்கிற தொல்காப்பியனுக்கும் நடுவே இருப்பது தோழமையா, காதலா? பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் இதே விவாதம்.

லாபவேட்டைக்காரனின் கணக்கு இது. இதுவரை நம் இளம் தோழரும் ஒத்துக்கொள்வார். ஆனால் அவர் இங்கேயே நின்றுவிடுகிறார். கதையை விற்கிறவன் எதற்காக விற்கிறான் என்று சொல்லிவிட்டால், கேட்கிறவள் எதற்காகக் கேட்கிறாள் என்பதையும் சொல்லிவிட்டதாக நினைக்கிறார். பீடிக் கம்பெனி முதலாளி லாபத்துக்காகத்தான் இலை கொடுக்கிறார். அதனால் பீடி சுற்றுகிற பெண் முதலாளியின் லாபத்துக்காக வாழ்கிறாள் என்று சொன்னால் எப்படி இருக்கும்?

கேட்கிறவள் சும்மா கேட்பதில்லை, தீர்ப்புச் சொல்லுகிறாள். 1984-ல் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' ஓடியபோது ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் நடிகர் அசோக்குமார் தோன்றிப் பேசுவார்; அவருக்குக் கடிதங்கள் மலைபோல் வந்து குவிந்தன. அந்த வீட்டு மூத்த மகள் யாரைக் கட்ட வேண்டும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஜனங்கள் யோசனை சொன்னார்கள். இதைக் கண்டு சிரிக்கிற கனவான்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துவோம். 1966-ல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழை நாளில் ஒரு பணக்காரன் காரில் ஏற்றிக் கெடுத்துவிட்ட மகளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று வீட்டுக்குள் சேர்த்துக்கொள்கிறாள். இதைப் பொறுக்கமாட்டாமல் குமுறியவர்கள் யார்? பீடி சுற்றுகிறவர்களா? படித்த மேதாவிகள்! இல்லாத ஒரு பெண்ணின் கற்புக்காக இருக்கிற தூக்கத்தையெல்லாம் தொலைத்தார்கள். தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டி அழுதிருந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்பதை ஜெயகாந்தன் பிற்பாடு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாகவே எழுதிக் காட்டினார். ரசிகைக்குப் பதில் சொல்லத்தான் எழுத்தாளன் நாவல் எழுத வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, ரசிகையின் அபிப்பிராயத்தை அற்பம் என்று எப்படித் தள்ளுவது?

அக்காவின் தீர்ப்பு

அக்காவின் தீர்ப்பும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2002-ல் 'மெட்டி ஒலி' வந்தபோது, மாமியார் கொடுமையில் அல்லாடும் சரோவுக்காகப் பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று அழுதவர் இவர். 2020-ல் ஊரடங்கில் படப்பிடிப்புகள் நின்றுபோய், நாள்கூலிக்கு உழைக்கும் லைட்மேன்களும் தச்சர்களும் சமையல்காரர்களும் வருமானமின்றித் தவித்தபோது, சன் டி.வி. அதே 'மெட்டி ஒலி'யை மறுபடியும் ஓட்டியது. அக்காவும் மறுபடி பார்த்தார். இந்தத் தடவை அழுகை வரவில்லையாம். "கோவந்தான் வந்துச்சு தோழர். மாமியா மேல இல்ல, அந்தப் பிள்ள மேல. ஏன் இப்படி நிக்கா? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா என்ன? அன்னைக்கு இது எனக்குத் தோணல பாத்துக்கிடுங்க" என்றார்.

நாடகம் அதே நாடகம். வசனமும் மாறவில்லை. பதினெட்டு வருஷத்தில் மாறியவர் அக்கா. அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் எத்தனை முறை கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறார், எத்தனை முறை கடைக்காரனிடம் கழிவுக்குச் சண்டை போட்டிருக்கிறார் என்பது நமக்குத் தெரியும். அபினி தின்றவருக்கு இப்படித் தெளிவு வருமா?

பிறகு வந்தது 'எதிர்நீச்சல்'. 2022 தொடக்கத்திலிருந்து 2024 ஜூன் வரை. 'கோலங்கள்' இயக்கிய திருச்செல்வம்தான் இதையும் இயக்கினார். ஆதி குணசேகரன் என்ற அண்ணன் ஆட்டிப்படைக்கும் கூட்டுக் குடும்பம். படித்த மருமகள்கள் நாலு பேர் அடுப்படியில். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோது, அந்தப் பாத்திரத்தை மனதார வெறுத்த பெண்கள் அந்த மனிதருக்காக மனதார அழுதார்கள். பாத்திரம் வேறு, மனிதன் வேறு என்று அவர்களுக்குத் தெரியாதென்று யார் சொன்னது?

இந்தக் கதையின் நடுவில் ஒருவர் வந்து சேருகிறார். பெயர் ஜீவானந்தம். இயக்குநரே அந்த வேஷத்தில் நடித்தார். அந்தப் பெயர் தமிழ்நாட்டில் யாரை நினைவூட்டும் என்பதை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்லவர், ஏழைகளுக்காக நிற்பவர் என்றுதான் காட்டினார்கள். பிறகு கதை திரும்பியது: இவர் இளமையில் குணசேகரனின் மனைவி ஈஸ்வரியை விரும்பியவராம்! அவ்வளவுதான், தெருவெல்லாம் பற்றிக்கொண்டது. ஈஸ்வரி மனதில் என்ன? போவாளா, மாட்டாளா? போகலாமா, கூடாதா?

பீடித் தட்டுகளுக்கு நடுவே நடந்த அந்த விவாதத்தை நாம் ஒரு சாயங்காலம் நேரில் கேட்டோம். ஒரு பாட்டி, "கட்டினவன் இருக்கும்போது இது என்ன பேச்சு?" என்றார். இளம்பெண் ஒருத்தி, "போயிரணும், அன்னைக்கே போயிரணும்" என்றாள். அக்கா தலை நிமிராமல் நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அவ மனசுல இருந்துச்சா இல்லியான்னு ஊரே கேக்கு. இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? அவன் ரெண்டு வீடு வச்சிருந்தா அது கத. பொம்பளைக்கு ஒரு நெனப்பு இருந்தா அது குத்தமாக்கும்?" சற்று நேரம் கழித்து, "இன்னொண்ணு கேக்கேன். நாலு பொம்பளைக படிச்சிருக்காக. வழி காட்ட ஒரு ஆம்பளதான் வரணுமா?" என்றார்.

எழுதுகிறவர்களும் இயக்குகிறவர்களும் எத்தனையோ பாகங்களில் சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு அக்கா இரண்டு பீடி சுற்றும் நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டார். நம் பிரசுரத்தை நினைத்துக்கொண்டோம். வெட்கமாக இருந்தது.

நாற்பது சதவீதம்

இத்தோடு நின்றால் அக்காவைப் புகழ்ந்து ஒரு கட்டுரை எழுதிவிட்டுப் போய்விடலாம். நிற்கவில்லை.

அக்காவுக்கு ஒரு மகள். இருபத்திரண்டு வயது. நகரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண். காலை ஒன்பதரையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே வேலை. உட்கார ஆசனம் கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் திருத்தப்பட்டது. ஆசனம் வந்தது, உட்கார நேரம் வரவில்லை என்கிறாள் அந்தப் பெண். அவள் அதே வீதியில் செல்போன் பழுது பார்க்கும் ஒரு பையனை விரும்புகிறாள். பையன் வேறு தெரு. வேறு தெரு என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

விஷயம் தெரிந்ததும், ஈஸ்வரிக்காக வாதாடிய அதே அக்கா மகளைக் கடைக்கு அனுப்பாமல் மூன்று நாள் வீட்டில் உட்கார வைத்துவிட்டார். நாம் போய்க் கேட்டோம். "ஈஸ்வரிக்கு ஒரு நியாயம், மகளுக்கு ஒரு நியாயமா அக்கா?" என்று கொஞ்சம் குத்தலாகவே கேட்டுவிட்டோம். அக்கா பதில் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறோம்:

"ஈஸ்வரிக்கு அந்த அப்பத்தாவோட நாப்பது பெர்செண்டு இருக்கு தோழர். அவ எங்க போனாலும் பின்னால சொத்து இருக்கு. எம் பிள்ளைக்கு எத்தன பெர்செண்டு இருக்கு? அங்க வில்லி வருவா, கூலிப்படை வரும், கடைசியில எப்படியும் தப்பிச்சிருவாக. இங்க வாரது எங்க அண்ணன்மாரு. தப்பிக்க முடியுமா? சொல்லுங்க."

நம்மால் சொல்ல முடியவில்லை.

நாடகம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை: அந்த வீட்டுக் கிழவி பட்டம்மாளிடம் இருக்கும் நாற்பது சதவீதப் பங்குதான் கதையின் அச்சாணி. அதைப் பறிக்க ஆண்கள் துடிக்கிறார்கள். பெண்களின் சுதந்திரம் எல்லாம் அந்தப் பங்கின் மேல் நிற்கிறது. காதலும் மனமும் கண்ணீரும் மேலே தெரிகிற கோலம்; அடியில் இருப்பது சொத்து. நாடகக்காரர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அக்கா அதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டார். மகளுக்கும் பிறந்த வீட்டுக் கூட்டுச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது, 2005-ல் இந்தியா முழுவதற்கும் வந்தது. நல்ல சட்டம். ஆனால் பீடித் தட்டிலும் ஓட்டு வீட்டிலும் எதைப் பங்கு போடுவது?

இப்போது நாடக முதலாளிகளை நாம் கேட்கிறோம். காதலில் எத்தனை விதமான சிக்கல் காட்டினீர்கள்! மறந்துபோன ஞாபகம், மாறிப்போன மணமகள், ஜாதகத் தோஷம், பழிவாங்கும் அண்ணி. தமிழ்நாட்டில் காதலுக்கு உண்மையிலேயே குறுக்கே நிற்பது எதுவோ அது மட்டும் ஏன் உங்கள் சிக்கல்களில் மருந்துக்குக்கூடத் தலைகாட்டுவதில்லை? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்கு அருகில், பட்டப்பகலில், ஜனங்கள் பார்த்துக்கொண்டிருக்க சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கூட இருந்த மனைவி கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். 2024 ஜூனில் ஒரு சாதிமறுப்புத் திருமணத்தை நடத்தி வைத்ததற்காகத் திருநெல்வேலியில் மார்க்சிஸ்ட் கட்சி அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் ஓர் இளைஞர் காதலித்த குற்றத்துக்காக வெட்டிக் கொல்லப்பட்டார். உங்கள் நாடகத்துப் பெரிய வீடுகளுக்குச் சாதியே கிடையாதா? எல்லாச் சாதிக்காரரும் சோப்பு வாங்குகிறார்கள், ஒருவர் மனமும் நோகக் கூடாது என்பதுதானே உங்கள் கணக்கு?

இளம் தோழரையும் ஒன்று கேட்கிறோம். அக்கா ஒன்பதரைக்கு எழுந்து போனதைக் கண்டித்தீர்கள், சரி. அன்று கூட்டத்தின் அஜெண்டாவில் என்ன இருந்தது? சந்தா பாக்கி, மாநாட்டு நிதி, சுவரெழுத்து. அவர் வீட்டில் கொதித்துக்கொண்டிருந்த விஷயம் நம் அஜெண்டாவில் இருந்ததா? நாடகக்காரன் அரைகுறையாகவாவது, காசுக்காகவாவது, அந்த அடுப்படிக்குள் நுழைந்து பேசுகிறான். நாம் வாசலோடு நின்றுவிட்டோம்.

அக்காவிடம் சட்டத்தை எடுத்துச் சொன்னோம். சுயமரியாதைத் திருமணத்துக்கு அண்ணா ஆட்சிக் காலத்திலேயே சட்ட அங்கீகாரம் கிடைத்துவிட்டது. அதை ஊரறியப் பந்தல் போட்டுத்தான் நடத்த வேண்டும் என்ற கட்டாயமில்லை என்று 2023-ல் உச்சநீதிமன்றமும் சொல்லியிருக்கிறது என்றோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "கல்யாணம் ஒரு நாளு தோழர். அதுக்குப் பொறவு? கட்சி எத்தன நாளைக்கு வாசல்ல காவல் நிக்கும்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் எழுத்து மூலமாக வைத்திருக்கிறோம். சந்தா பாக்கிக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியிருக்கிறோம். இளம் தோழரே நம்மைத் தேடி வந்து, பையன் வீட்டில் பேசும் பொறுப்பைத் தாம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மகள் மறுபடி கடைக்குப் போகிறாள். அக்கா இன்னும் சரி என்று சொல்லவில்லை.

நேற்றிரவும் போயிருந்தோம். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மகள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கத்திரியால் இலை வெட்டிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு கட்டை முடித்து ஓரமாக வைத்துவிட்டு, "உக்காருங்க தோழர், இது முடியட்டும். பேசுவோம்" என்றார்.